காவல் பரணுக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்டுப்பன்றியைச் சுடலாமா கூடாதா என்று விவசாயிகளும் விலங்கு ஆர்வலர்களும் உங்கள் பத்திரிகையில் மாறி மாறி எழுதுவதைப் படித்து வருகிறேன். எனக்கும் வாசுதேவநல்லூருக்கு மேற்கே மூன்று ஏக்கர் இருக்கிறது. ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம், மீதியில் எலுமிச்சை, கொஞ்சம் நிலக்கடலை. பன்றியால் நான் பட்ட நஷ்டத்தை எழுத ஆரம்பித்தால் உங்கள் பக்கம் போதாது. அதை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். சுடுவது என்று முடிவான பிறகு, சுடப் போகிறவரும் அந்த நேரம் வயலில் காவல் கிடக்கிறவரும் என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் பேசக் காணோம். நான் எழுத வந்தது அந்தச் சட்டையைப் பற்றித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்கழி. சோளம் பால் பிடித்து நின்ற சமயம். பன்றிக்கு அந்த வாசனை எப்படித்தான் எட்டுமோ தெரியாது, அதுவரை ஓடைக்கு அந்தப் பக்கம் கிடந்த கூட்டம் அந்த வாரம்தான் இறங்கும். தட்டையை நெஞ்சால் சாய்த்து, கதிரை மட்டும் கடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடும். தின்பது கால்வாசி, மிதிப்பது முக்கால்வாசி. அதனால் நானும் என் தம்பி மகனும் முறை போட்டுப் பரணில் படுத்தோம். சுற்றிலும் கிழிந்த புடவை கட்டியிருந்தோம். முதல் நாலு நாள் பன்றி புடவைக்குப் பயந்தது. ஐந்தாம் நாள் புடவையையும் இழுத்துக்கொண்டு போனது.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணி இருக்கும். பையன் பரணை விட்டு இறங்கி வரப்போரம் ஒதுங்கப் போனான். பனி கொட்டுகிறது, தலையோடு பழுப்புக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு குத்தவைத்திருக்கிறான். அடுத்த வயல்காரரிடம் அவர் அப்பா காலத்திலிருந்தே உரிமத்தோடு இருக்கிற மருந்து கிட்டிக்கிற துப்பாக்கி உண்டு. ஆயுதச் சட்டத்தில் பயிர்க் காவலுக்கென்று கொடுக்கிற உரிமம். துப்பாக்கி வைத்திருக்கத்தான் அந்த உரிமம், பன்றியைச் சுட அது போதாது என்பது அவருக்கும் தெரியும். சத்தம் காட்டத்தான் வைத்திருக்கிறேன் என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் டீக்கடையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணாச்சி, நேத்து ராத்திரி துப்பாக்கிக் குதிரையை ஏத்திட்டேன். வரப்புல குனிஞ்சு கிடந்தது அசல் ஒத்தைப் பன்னி மாதிரியே இருந்துது. அந்த நேரம் பாத்து உங்க பய இருமினான். பன்னி இருமாதுல்லா, அண்ணாச்சி."

ஒரு இருமல். அவனுக்கு அந்த வாரம் சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

நான் 24 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். சுடுகளத்தில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் குறி பார்ப்பதில்லை. எதைச் சுடுகிறாய் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். ரைஃபிள் குண்டு பன்றியைத் தவறவிட்டால் அங்கேயே விழுந்து படுத்துக்கொள்ளாது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் ஆளைக் கொல்லும். எங்கள் பக்கத்துச் சுக்கான் பாறையில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சுட்டவனாலும் சொல்ல முடியாது. பகலில், கொடி நட்டு, விசில் ஊதி, ஆளை ஒதுக்கிவிட்டுச் சுடுகிற இடத்திலேயே அத்தனை கெடுபிடி. ராத்திரி, ஆளுயரச் சோளத்துக்குள், பனியில், டார்ச் வெளிச்சத்தில் சுடுகிற இடத்தில் என்ன கெடுபிடி இருக்கிறது?

2025 ஜனவரியில் நம் அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். ஊர் மட்டத்தில் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். இதில் தூரக் கணக்கு பற்றி எங்கள் ஊரில் பெரிய சண்டையே நடந்தது. பன்றி என்ன மைல்கல் பார்த்தா வருகிறது என்று ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்விதான். ஆனால் சுடுகிற வேலையைப் பழகிய சீருடைக்காரர்களிடம் விட்டதை நான் வரவேற்கிறேன். இந்த இடத்தில் என் ஊர்க்காரர்கள் பலரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

அவர்கள் காட்டுவது கேரளத்தை. புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு. அங்கே 2022 மே மாதத்திலிருந்து பஞ்சாயத்துத் தலைவரே அனுமதி கொடுக்கலாம், உரிமம் உள்ள உள்ளூர்க்காரர் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் மூன்றும் கூடாது. "பாத்தீங்களா, மலைக்கு அந்தப் பக்கம் பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துல முடிஞ்சுபோச்சு, நம்ம ஊர்ல கமிட்டி கூடணும்" என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. சரி. அந்தக் கையெழுத்தெல்லாம் வருவதற்கு முன்பே, 2021 கடைசியில், வயநாட்டில் நெல்வயலுக்கு ராக்காவல் போன ஒருவர் குண்டு பட்டு இறந்தார். பன்றி என்று நினைத்துவிட்டோம் என்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று அது எனக்கு யாரோ ஒருவருடைய செய்தி. என் தம்பி மகன் இருமிய ராத்திரிக்கு அப்புறம் அதை வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

இனி சட்டைக்கு வருகிறேன்.

என் மகள் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறாள். 2023 இலையுதிர் காலத்தில் மூன்று மாதம் அங்கே தங்கியிருந்தேன். அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வெள்ளைக்காரர், என் வயது இருக்கும். நவம்பர் பிறந்ததும் மான் வேட்டைக்குப் புறப்பட்டார். வண்டியில் ஏற்றுகிற சாமானைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தில் ஒரு கையில்லாத மேல்சட்டை, அதே நிறத்தில் தொப்பி. சாலை போடுகிறவர்கள் போட்டிருப்பார்களே, அதைவிடப் பளீரென்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராணுவத்தில் இத்தனை வருஷம் இலை தழையைச் செருகிக்கொண்டு ஒளிந்து பழகியவனுக்கு வேறென்ன தோன்றும்? "இதைப் போட்டுக்கிட்டுப் போனா மான் எப்படி நிக்கும்னு கேளுங்க" என்று மருமகனிடம் சொன்னேன். அவர் கேட்டார். வெள்ளைக்காரர் சிரித்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார்.

"மாமா, மானுக்கு இந்த நிறம் நமக்குத் தெரியற மாதிரி தெரியாதாம். ஏதோ மங்கலான புல் நிறம் மாதிரிதான் தெரியுமாம். நீலம்தான் அதுக்குப் பளிச்சுன்னு தெரியுமாம். நீங்க போட்டிருக்கீங்களே நீல ஜீன்ஸ், அதைப் பாத்தாத்தான் ஓடுமாம்."

மகள் வாங்கிக் கொடுத்த ஜீன்ஸ் அது. அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஊருக்கு வந்த பிறகு விசாரித்ததில் விஷயம் சரிதான். மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கிற செல்கள் மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. பன்றிக்கும் இரண்டுதான். நமக்கு ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் இருக்கிற வித்தியாசம் அதற்குப் பிடிபடாது. ஆரஞ்சுச் சட்டை போட்டால் பன்றி உஷாராகி ஓடிவிடும் என்று எங்கள் ஊரில் ஒருவர் என்னிடம் வாதாடினார், அவருக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். பன்றி ஓடுவது வாடைக்கும் சத்தத்துக்கும். பீடி பிடிக்காமல் இருந்தாலே பாதி வேட்டை முடிந்த மாதிரி.

அந்த ஊர் விதி வெறும் "ஆரஞ்சு போடு" என்று நின்றுவிடவில்லை. துப்பாக்கியால் மான், அதைவிடப் பெரிய மான் இனங்களான மூஸ், எல்க் ஆகியவற்றை வேட்டையாடும் பருவத்தில், பெரும்பாலான வேட்டைக்காரர்கள் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலமாவது கெட்டியான ஆரஞ்சு தெரிகிற மாதிரி உடுத்தியிருக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் தெரிய வேண்டும். தலையிலும் ஆரஞ்சு வேண்டும். இலை தழை படம் அச்சடித்த ஆரஞ்சும் வலைத்துணியும் அந்த 400 அங்குலக் கணக்கில் சேராது. அதே பருவத்தில் வில் அம்பு கொண்டு போகிறவருக்கும் இது உண்டு. காரணம் எளிது: அவர் கையில் வில் இருந்தாலும் எதிரே இருப்பவர் கையில் துப்பாக்கி இருக்கிறது. மானைச் சுடும் நேரமும் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்னால் வரைதான். மான் வேட்டை நடந்த இரண்டு வாரமும் அந்தத் தெருக்கார அம்மா ஒருவர் நாயைக் காட்டோரம் நடத்திக்கொண்டு போகும்போது நாயின் கழுத்திலும் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். நாய்க்கு இருக்கிற பாதுகாப்பு என் தம்பி மகனுக்கு இல்லையே என்று அப்போது நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன்.

பயிரை நாசம் பண்ணுகிற மிருகத்துக்கு அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. சொத்துக்குச் சேதம் என்றால் நில உரிமையாளர் பல மிருகங்களை விரட்டவோ பிடிக்கவோ கொல்லவோ செய்யலாம், தன் சார்பில் ஆள் வைத்தும் செய்யலாம். மான், எல்க் போன்றவற்றுக்கு மட்டும் முன்கூட்டி அதிகாரி அனுமதி வேண்டும். இதைக் கேட்டதும் நம் ஊர்க்காரர் துள்ளுவார். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே ஒன்டாரியோவில் காட்டுப்பன்றியை வேட்டையாட 2022 ஜனவரி 1 முதல் தடை. பன்றி மேல் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே அது வெளியிலிருந்து வந்து பரவப் பார்க்கிற மிருகம், ஒன்றுகூட மிச்சமில்லாமல் ஒழிக்கத்தான் பார்க்கிறார்கள். கூட்டத்தில் ஒன்றிரண்டைச் சுட்டால் மிச்சம் சிதறி நாலு ஊருக்குப் போகும், ஆளைக் கண்டால் ஒளியவும் ராத்திரியில் மட்டும் வெளியே வரவும் பழகிக்கொள்ளும். அதனால் கண்டால் தகவல் சொல்லுங்கள், நாங்கள் கூட்டத்தோடு கூண்டில் பிடிக்கிறோம் என்கிறது அரசு. எங்கள் ஓடைக்கரையில் ஒவ்வொரு வருஷமும் வேட்டுச் சத்தத்துக்கு அப்புறம் நடக்கிற கதையும் இதேதான். வடக்கு வயலில் விரட்டினால் தெற்கு வயலில் மேயும்.

நம் ஊர்ப் பன்றி இந்த மண்ணுடையது. அதனால் கனடாச் சட்டத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நடச் சொல்லவில்லை. முதலில், ஆரஞ்சு என்பது பகல் வெளிச்சத்துக்கான சமாசாரம். ராத்திரியில் ஆரஞ்சும் ஒன்றுதான், காக்கியும் ஒன்றுதான், எல்லாம் கறுப்பு. நம் ஊரில் பன்றி வருவதும் காவல் கிடப்பதும் ராத்திரியில்தானே? அதற்கு வேண்டியது வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கிற வெள்ளிப் பட்டை. நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் போட்டிருக்கிற சட்டையில் இருக்குமே, அதுதான். டார்ச் அடித்த கையோடு நூறு அடி தூரத்தில் இரண்டு கோடு மினுக்கும். பன்றிக்கு அப்படிக் கோடு கிடையாது. கண் மினுக்குமே என்று கேட்பார்கள். பன்றிக் கண் மான் கண் மாதிரி மினுக்குவதில்லை. டார்ச் வெளிச்சத்தில் அது வெறும் இருட்டுக் கட்டி. கம்பளி போர்த்திய ஆளும் இருட்டுக் கட்டிதான். சிக்கலே அங்கேதான்.

ஆகவே நான் கேட்பது இது. பன்றியைச் சுட வனத்துறைக் குழு வந்தால், துப்பாக்கி பிடிக்கிறவர், டார்ச் பிடிக்கிறவர், வழிகாட்டப் போகிற ஊர்க்காரர், வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டு போகிற இளவட்டம் எல்லோர் மேலும் பட்டை வைத்த ஆரஞ்சுச் சட்டை இருக்க வேண்டும், தலையிலும் ஒன்று. இல்லாதவர் வரப்பில் கால் வைக்கக் கூடாது. காக்கிக்கு மேலே ஆரஞ்சைப் போட்டால் கௌரவம் குறைந்துவிடாது. அன்றைக்குச் சாயங்காலமே தண்டோரா போட்டோ பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கியில் சொல்லியோ எந்தப் பக்கம் சுடப் போகிறார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். ராக்காவல் கிடக்கிற விவசாயிக்கும் கூலிக்காரருக்கும் அதே சட்டையை வேளாண்மைத் துறையோ பஞ்சாயத்தோ கொடுக்க வேண்டும். தார்ப்பாய்க்கும் தெளிப்பானுக்கும் மானியம் தருகிறவர்களுக்கு இது ஒரு செலவா? தென்காசியில் நான் வாங்கியபோது ஒரு சட்டை 150 ரூபாய்.

துணி ஒன்று போதும் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டுத் துப்பாக்கி தூக்குகிறவனுக்கு முன்னால் எந்தச் சட்டையும் உதவாது. அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி, வைக்கிறவனுக்கும் வேலியில் மின்சாரத்தைக் கொக்கி போட்டு விடுகிறவனுக்கும் சட்டை எதற்கு? 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு திருட்டு வேலியில் மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டு பக்கத்திலேயே நின்றன. அந்தப் படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே கம்பியில் எத்தனை விவசாயி, எத்தனை ஆடு மேய்க்கிற பையன் கால் வைத்துச் செத்திருக்கிறான். அது ஊருக்கு ஊர் தெரியும், படம்தான் வருவதில்லை. சட்டப்படி அனுமதியோடு சுடுவதே இந்தத் திருட்டு வேலைகளுக்கு மாற்று என்றுதான் அரசும் சொல்கிறது, நாமும் கேட்கிறோம். அந்த மாற்று வழியிலும் ஒரு ஆள் விழுந்துவிட்டால் பிறகு யாரும் வாயைத் திறக்க முடியாது. அனுமதியும் போகும், பன்றி மட்டும் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றி இப்போது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2022-இல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் முதல் அமலானபோது மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறியது. அனுமதியில்லாமல் அதன் மேல் கை வைத்தால் ஜெயில். இது தெரிந்தே பலர் ராத்திரியில் ஒளிந்து சுடுகிறார்கள். ஒளிந்து சுடுகிறவன் ஆரஞ்சு போட மாட்டான் என்று எனக்கும் தெரியும். காவல் கிடக்கிறவன் போட்டுக்கொள்ளலாமே. ஒளிந்து சுடுகிறவன் கண்ணுக்கும் அந்தப் பட்டை மினுக்கும்.

என் ஊரில் நான் எட்டுச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். முதலில் யாரும் போடவில்லை. முனிசிபாலிட்டி குப்பை வண்டிக்காரன் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் திருப்பித் தந்துவிட்டார். குப்பை வண்டிக்காரர் விடிவதற்கு முன் லாரிகளுக்கு நடுவில் வேலை பார்த்து உயிரோடு வீடு திரும்புவது அந்தச் சட்டையால்தான் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. என் தம்பி மகனே நாலு நாள் பரணில் மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தான்.

அவனைப் போடவைத்தது நான் இல்லை, அடுத்த வயல்காரர்தான். இந்த மார்கழியில் ஒரு ராத்திரி நேராக எங்கள் பரணுக்கு வந்து நின்று, "ஏலே, நீ அதைப் போடலைன்னா நான் வயக்காட்டுக்கே வரலை, எனக்கு உறக்கம் வரமாட்டேங்கு" என்றார். பையன் எழுந்து கம்பளிக்கு மேலே மாட்டிக்கொண்டான். அவர் திரும்பிப் போய்த் தன் வரப்பில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். "தெரியுதுலே மக்கா," என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார், ஒருக்களித்து நிற்கச் சொன்னார், கடைசியில் குத்தவைக்கச் சொன்னார். மூன்று பக்கமும் பார்த்த பிறகுதான் டார்ச்சை அணைத்தார்.

ஊர்க்காரர்கள் விஷயம் இதில் வருவதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார், விவசாயி
வாசுதேவநல்லூர் வட்டாரம், தென்காசி மாவட்டம்